கறியைப் பார்க்காதே, கதையைக் கேள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை. கேட்டவர்களின் விருப்பப்படி இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. நம்ம செட்டுல மலையில இருந்தவன் நீ ஒருத்தன்தான். அதைப் பத்தியே பேசிடு" என்றார். 1985இல் தொடங்கிய இந்த நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தொடக்க கால மாணவர்களில் நானும் ஒருவன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கோழிப் பண்ணைப் பக்கம் போனார்கள். நாமக்கல்லில் படித்துவிட்டுக் கோழியைத் தொடாமல் இருப்பது, சிவகாசியில் பிறந்துவிட்டுப் பட்டாசைத் தொடாமல் இருப்பது மாதிரி. எனக்கு மட்டும் கொல்லிமலை வாய்த்தது.

இப்படிப்பட்ட மேடைகளில் நாம் வாங்கிய விருதுகளைப் பற்றியும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மாணவர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும்.

கொல்லிமலையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் இங்கிருந்தே வடகிழக்கில் நீலமாகத் தெரியும். காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்விட்டால் ஊர் பெயருக்கு முன்னால் நாட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். அவற்றில் ஒன்று எடப்புளி நாடு. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் இல்லை, மலையில் வாழ்வதால் வந்தது. சாமை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காப்பி, பலா என்று பாடுபட்டுப் பிழைக்கிற ஜனங்கள். வீட்டுக்கு நாலைந்து ஆடு இருக்கும். அந்த ஆடுகள்தான் அவர்களுக்கு பேங்க் பாஸ் புத்தகம். எனவே விசேஷம் என்று ஒன்று வந்தால் ஒழிய வீட்டு ஆட்டை அறுத்துத் தின்ன மாட்டார்கள்.

இந்த மலைக்கும் மான் கறிக்கும் உள்ள உறவு பழையது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடுகிறார். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த செய்தியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதே பாட்டின் பிற்பகுதியை அதிகம் பேர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு ஓரி, தான் வேட்டையாடிக் கொன்ற மானின் கொழுத்த கறியை வேகவைத்துக் கொடுத்தான் என்று அதில் வருகிறது. ஆடி பதினெட்டுக்கு மலையில் வல்வில் ஓரி விழா நடக்கும்போதெல்லாம் எனக்கு அம்பைவிட அந்தக் கறிதான் ஞாபகம் வரும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓரி காலம் வேறு, நம் காலம் வேறு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பதற்கே இடமில்லை. மானைக் கொல்வதும் குற்றம், அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். தானாகச் செத்துக் கிடக்கும் மான்கூட அரசாங்கத்தின் சொத்து. அதைக் கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். நல்ல சட்டம். அதைத் தளர்த்தச் சொல்லி நான் பேச வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வனத்துறை நண்பர் எழுந்துவிடுவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

1993ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். மலையில் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் உதவி மருத்துவர். ஜனங்களுக்கு அது மாட்டாஸ்பத்திரி. வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பவுண்டர் கிளம்பிவிட்டார். நான் ரெஜிஸ்டரை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது எடப்புளி நாட்டிலிருந்து ஒரு பெரியவர், சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்துபோய் வந்து நின்றார். மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆட்டுக்கறிங்க டாக்டரய்யா. திங்கலாமா கூடாதான்னு பாத்துச் சொல்லோணுங்க."

பிரித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு நிறம். மெல்லிசான நார். ஆட்டுக்கறிக்கு உரிய வெள்ளைக் கொழுப்பு மருந்துக்கும் இல்லை, அந்த வாடையும் இல்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த இரண்டு மயிர் எந்த ஆட்டுக்கும் உரியதில்லை. அது மான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு அப்போது 26 வயது. மேஜைமேல் அரசாங்க முத்திரை. கேட்க வேண்டுமா? "ஏன் பெரியவரே, இது ஆடா? என்னை என்னன்னு நெனச்சீங்க? மானைக் கொன்னா ஜெயிலு, தெரியுமா? பாரஸ்ட்டுக்கு நான் ஒரு சீட்டு எழுதிப் போட்டா உங்க கதி என்ன?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "தப்புங்க சாமி" என்றார். வாசலில் போய் ஒரு நிமிஷம் நின்றார், ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி. நான் ரெஜிஸ்டரில் குனிந்துகொண்டேன். போய்விட்டார். ஒரு குற்றத்தைக் கண்டித்தோம், ஏழையைக் காட்டிக்கொடுக்காமலும் விட்டோம் என்று அன்றிரவு எனக்கே என்மேல் ஒரு திருப்தி. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆறாம் நாள் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்க அந்த ஊருக்குப் போனேன். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், ஆட்டைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினாள். அவள் வலது முன்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு புண். நடுவில் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம். கை முழுதும் வீக்கம்.

"வலிக்குதாம்மா?"

"வலியே இல்லைங்க. மொதல்ல பூச்சி கடிச்சாப்புல அரிச்சுது. அப்புறம் இப்படி ஆயிப்போச்சு."

மாணவர்களே, இந்த இரண்டு வரியைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் எனக்கும் தோன்றியது. வலி இல்லாத கறுப்புப் புண். அடைப்பான். ஆந்த்ராக்ஸ்.

"இந்தப் பத்து நாள்ல செத்த ஆடு மாடு எதையாச்சும் அறுத்தீங்களா?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா எழுந்து வந்தார். அன்று என்னிடம் வந்த பெரியவரின் மனைவி அவர். அந்தப் பெண் அவருடைய மருமகள்.

"ஆடு இல்லைங்க, மானுங்க. யாரும் கொல்லலை. ஓடைக்கிட்டச் செத்துக் கெடந்துச்சு. மூக்குல ரத்தம் வந்திருந்துச்சு. நாலு வீட்டுக்காரங்க பங்கு போட்டோம். இவதான் அறுத்தா. அவருக்கு மட்டும் மனசு ஒப்பலை. டாக்டருகிட்டக் காட்டிட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் அடுப்புல ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட வந்தாரு. எப்படிச் செத்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாருங்களே."

அந்த அம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது மாதிரிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் மான் கறி தின்ன அனுமதி கேட்டு வரவில்லை. சந்தேகம் வந்து, நாலு வீட்டு அடுப்பையும் நிறுத்தி வைத்துவிட்டு, மழையில் நடந்து வந்திருக்கிறார். கால்நடை மருத்துவம் படித்த ஒருவன் செய்திருக்க வேண்டிய வேலையில் பாதியை அவரே செய்துவிட்டார். மீதிப் பாதிக்குத்தான் என்னிடம் வந்தார். நான் ஜெயிலைப் பற்றிப் பேசினேன், நோயைப் பற்றிப் பேசவில்லை. எனவே ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. தன் பங்கை மட்டும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். மற்ற மூன்று வீட்டிலும் அன்றிரவு குழம்பு கொதித்தது.

அந்தப் பெண்ணை அன்றே பஸ்ஸில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த டாக்டர் ஒரு மாட்டு டாக்டர் சொல்கிறானே என்று தட்டிக்கழிக்காமல் நான் சொன்னதை முழுதும் கேட்டார். பெனிசிலின் ஆரம்பித்தார். பிழைத்துக்கொண்டாள். கையில் தழும்பு நின்றுவிட்டது. கறியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவர்கள் செய்த பாக்கியம், என் திறமை இல்லை.

வனத்துறைக்கும் சொல்லத்தான் வேண்டும். முதலில் ஊர்க்கவுண்டரிடம் போய், "நான் இதை மறைக்க முடியாது, சொல்லப் போகிறேன்" என்று சொன்னேன். மறுநாள் நான் போவதற்கு முன்பே பெரியவர் தானே காவலரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். அபராதம் விதித்தார்கள். அந்த வருஷத்து மிளகு விற்ற காசில் கட்டினார். அதற்காக அவர் என்னிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை.

கதை அதோடு முடியவில்லை. மான் கறி மிச்சமில்லாததால் அப்போது எதையும் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. அடுத்த கோடை மழைக்குப் பிறகு, மானை அறுத்த அதே ஓடைக்கரையில் மேய்ந்த இரண்டு ஆடுகள், காலையில் நன்றாக இருந்தவை, மாலையில் செத்து விழுந்தன. காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவி, பாலிகுரோம் மெத்திலீன் புளூ போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மூங்கில் கணு மாதிரி, முனை சதுரமாக வெட்டிய கோல்கள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை. புத்தகத்தில் இருந்த படம் அப்படியே. ராணிப்பேட்டைக்கு ஸ்லைடு போயிற்று. 1932 முதல் நம் மாநிலத்துக்குத் தடுப்பூசி தயாரித்துத் தரும் அதே நிலையத்திலிருந்து அடைப்பான் தடுப்பூசியும் வந்தது. சுற்று வட்டாரத்து ஆடு மாடு அத்தனைக்கும் போட்டோம்.

அடைப்பானின் குணம் இதுதான். செத்த உடம்பைக் கிழிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் கிருமி அழுகலில் பெரும்பாலும் அழிந்துவிடும். கத்தி பட்டு ரத்தம் காற்றைக் கண்டால் அது ஸ்போராக மாறும். ஸ்போர் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். குழம்பு கொதிக்கிற சூட்டை நம்பி ஸ்போர் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. தின்பவனுக்கு வரும் ஆபத்துக்கு முன்னால் அறுப்பவனுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. 2016இல் ரஷ்யாவின் யமால் பகுதியில் கலைமான்களுக்கு இந்த நோய் வந்தது. 1941க்குப் பிறகு அங்கே தலைகாட்டாத நோய். 75 வருஷம் கழித்து வந்து 2,000க்கு மேற்பட்ட கலைமான்களைக் கொன்றது. நோய்ப்பட்ட மானின் கறியைத் தின்ற 12 வயதுப் பையன் ஒருவனும் இறந்துபோனான்.

யமால் எங்கோ இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மானுக்கு அடைப்பான் என்று உறுதியாயிற்று. அதே ஆண்டு ஜூனில் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில் செத்த காட்டுப்பன்றிகளுக்கும் இதே நோய். அங்கே உடல்களை அப்புறப்படுத்தியவர்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். படித்தவர்கள் நிறைந்த வளாகத்தில் மான் செத்தால் உடனே சோதனை நடக்கிறது. எடப்புளி நாட்டு ஓடைக்கரையில் செத்தால் யார் சோதிப்பது? அங்கே சோதனைக்கூடம் நீங்கள்தான்.

நம் காலத்தில் மீட் இன்ஸ்பெக்‌ஷன் பாடத்துக்கு விடியற்காலையில் அறுவைக்கூடத்துக்குக் கூட்டிப் போவார்கள். தூக்கக் கலக்கத்தில் மண்ணீரல் எங்கே, நிணநீர்க் கணு எங்கே என்று தேடியது ஞாபகம் இருக்கும். தேர்வில் உறுப்புகளைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதுவேன். விலங்கின் வரலாற்றைக் கேட்டறிய வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் பாடம், நான்கு பக்கமும் அதற்கு அடுத்தது என்பதை மலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

காட்டு விலங்கோ வீட்டு ஆடோ, கறியோடு ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி, எப்படிச் செத்தது? தானாகச் செத்துக் கிடந்தது என்றால் மேற்கொண்டு கறியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வேண்டாம் என்பதுதான் பதில். அடைப்பானாக இருக்கலாம், வேறு நோயாக இருக்கலாம், பூச்சிமருந்து வைத்த தண்ணீரைக் குடித்ததாக இருக்கலாம். பூச்சிமருந்தும் கொதிக்கவைத்தால் போகாது.

இரண்டாவது, உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது? மான் என்பது மனுஷ வாடை பட்டாலே பறந்துவிடும் பிராணி. கிட்டே போயும் ஓடாமல் நிற்கிற மான், தள்ளாடுகிற மான், எச்சில் ஒழுக விடுகிற மான், கூட்டத்தை விட்டுத் தனியாகப் படுத்திருக்கிற மான், எலும்பும் தோலுமாக இளைத்த மான், இவையெல்லாம் நோயின் அடையாளங்கள். வெறிநோயாகவும் இருக்கலாம், கோமாரியாகவும் இருக்கலாம். எதுவானாலும் தொடக்கூடாது. "சுலபமாப் பிடிச்சிட்டோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தில் வேறு எது செத்தது? ஆடு, மாடு, நாய், காக்கை எதுவாக இருந்தாலும் கேளுங்கள். ஒரு விலங்கு செத்தால் அது ஒரு செய்தி. நான்கு செத்தால் அது ஒரு வாக்குமூலம்.

நான்காவது, செத்து எவ்வளவு நேரம் ஆயிற்று, குடல் கிழிந்ததா? சுருக்கில் மாட்டி இரவெல்லாம் துடித்த விலங்கின் ரத்தம் சரியாக வடியாது. நாய் கடித்துக் குடல் கிழிந்தால் சாணக் கிருமி கறி முழுதும் பரவும். வெயிலில் அரைநாள் கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

ஐந்தாவது, யார் யார் கை வைத்தார்கள்? இதைக் கேட்க நாம் மறந்தே போகிறோம். கறி குப்பைக்குப் போகலாம். அறுத்தவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பத்து நாளாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு உறுப்புகளைப் பாருங்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுப்பு ரத்தம் கசிந்து, உடம்பு விறைக்காமல், சீக்கிரமே உப்பிக் கிடந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். போஸ்ட்மார்ட்டம் கூடாது. காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும். உடலை அந்த இடத்திலேயே எரிப்பது நல்லது. முடியாவிட்டால் நாயும் நரியும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

கண்ணுக்கு அருவருப்பாக இருப்பது எல்லாம் ஆபத்து இல்லை, கண்ணுக்கு நன்றாக இருப்பது எல்லாம் பத்திரமும் இல்லை. இதை அனுபவத்தில்தான் புரிந்துகொண்டேன். ஒரு முறை கோயில் விசேஷத்துக்கு வெட்டிய கிடாவின் வயிற்றுக்குள் கொழுப்புச் சவ்வில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மூன்று நீர்ப்பைகள் தொங்கின. சாமி குத்தம் என்று ஊரே பதறிவிட்டது. கிடாவையே புதைக்கப் போனார்கள். ஓடினேன். அது நாயிடமிருந்து ஆட்டுக்கு வரும் நாடாப்புழுவின் குட்டிப் பருவம். மனிதனுக்குக் கறி மூலம் தொற்றாது. "பையை மட்டும் எடுத்து அடுப்புல போடுங்க, நாய்க்கு மட்டும் போட்டுடாதீங்க, கறியைத் தாராளமா ஆக்குங்க" என்றேன். ஈரலில் தட்டைப்புழு இருந்தாலும் இதே மாதிரிதான். கெட்ட ஈரலைக் கழித்துவிட்டால் கறிக்குப் பங்கமில்லை. ஆனால் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் பாலாடை மாதிரிக் கெட்டியான சீழ்க் கட்டிகள் பரவலாக இருந்தால் காசநோய் என்று சந்தேகப்பட வேண்டும். அங்கே கட்டியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்பது தப்பு.

கதையைக் கேட்டாலும், உறுப்பைப் பார்த்தாலும் பிடிபடாத நோயும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1967இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட மான் இளைப்பு நோய் அப்படிப்பட்டது. மூளையைத் துளைத்து மானை உருக்கிவிடும். ஆரம்பத்தில் மான் பார்க்க நன்றாகவே இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அதன் காரணப்பொருள் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், அங்கே வேட்டைக்காரர்கள் மானின் கழுத்து நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சாப்பிடுவது நல்லது என்கிறார்கள். நம் நாட்டு மான்களில் இது கண்டறியப்படவில்லை. ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேட்டையாடிய விலங்கின் இறைச்சியைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து, சுடுவதற்கு முன் அதன் நடத்தையில் மாறுதல் ஏதும் இல்லை, இன்ன நாளில் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் கொல்லப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தீர்களா, அங்கேயும் கதையைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. எனவே பயமில்லாமல் உண்மையைச் சொல்கிறார்கள். இங்கே மான் என்று வாயைத் திறந்தாலே குற்றம். எனவே "ஆட்டுக்கறிங்க" என்றுதான் நம்மிடம் வருவார்கள். அந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? பொய்க்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குவதுதான் நம் வேலை. சட்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. வேட்டைக்குத் துணைபோகவும் சொல்லவில்லை. வரிசையை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முதலில் உயிர், அப்புறம் வழக்கு. "இதைத் தின்னாதீங்க, யாரெல்லாம் தொட்டீங்க, ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க, நான் காலையில வர்றேன்" என்று அன்று நான் சொல்லியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதை அதற்குப் பிறகும் சொல்லியிருக்கலாம். சட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்திருக்காது.

பின்னாளில் நான் மலையை விட்டு மாற்றலாகிக் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு ஒரு காலை, பத்து வயதுப் பையன் ஒருவன் மூச்சிறைக்க மருந்தகத்துக்கு ஓடிவந்தான். பெரியவரின் பேரன்.

"ஆடு ஒண்ணு செத்துக் கெடக்குதுங்க. யாரும் தொடலை. முள்ளை வெட்டிச் சுத்திப் போட்டிருக்கோம். டாக்டரு வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகக்கூடாதுன்னு தாத்தா உக்காந்திருக்காரு."

போனேன். பெரியவர் ஒரு கல்லின்மேல் கம்போடு உட்கார்ந்து நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நான் கேட்குமுன்பே ஆரம்பித்தார். "நேத்துச் சாயங்காலம் நல்லாத்தானுங்க மேஞ்சுது..." என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். அந்த ஆடு அடைப்பானில் சாகவில்லை, துள்ளுமாரியில் செத்திருந்தது. ஆனாலும் அன்று எனக்குக் கிடைத்ததை விடப் பெரிய பதக்கம் பிறகு கிடைக்கவில்லை.

ஓரியின் கறி எனக்கு ஏன் ஞாபகம் வரும் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். பாணர்களுக்கு ஓரி கொடுத்தது, அவனே உயிரோடு பார்த்து, அவனே கொன்ற மானின் கறி. அது எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று அவனுக்குத் தெரியும். பாணர்கள் பயமில்லாமல் சாப்பிட்டிருக்கலாம். நம் மேஜைக்கு வரும் பொட்டலத்தில் அந்தக் கதை இருக்காது. கொண்டுவந்தவரின் நெஞ்சில் இருக்கும். அவரை உட்காரச் சொல்லுங்கள், ஒரு டம்ளர் டீ கொடுங்கள், பிறகு கேளுங்கள்.